குட்டைத் தண்ணீர் பச்சையானால் லாபமா, நஷ்டமா?



குயிலாப்பாளையத்துச் செம்மண்ணில் முந்திரியும் மல்லாட்டையும் வைக்கிற நமக்கு, இறால் குட்டையைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீங்க. கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். வடக்கே மரக்காணம், கழுவெளிப் பக்கம் இறால் வளர்க்கிறார்கள். நம்மில் சிலரும் அங்கே கூட்டுச் சேர்ந்து பணம் போட எண்ணலாம். அதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மாசக் கணக்கில் பாடுபட்டு வளர்த்த இறால் ஒரே ராத்திரியில் செத்துப் போகலாம். தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துபோனால் அந்த நிலைதான்.

குட்டைத் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ தெரிவது ஏன்? கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் அதில் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. இவையும் பயிர்தான். வெயில் இருக்கும்போது பிராணவாயுவைத் தண்ணீரில் விடும். கழிவில் உள்ள அம்மோனியாவை உரமாக எடுத்துக்கொள்ளும். சின்ன இறாலுக்கு இரை கிடைக்கவும் இதுதான் வழி. ஆகவே பாசி வேண்டும்.

ஆனால் ராத்திரியில் கதை வேறு. வெயில் இல்லாதபோது பாசியும் நம்மைப் போலப் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். இறாலும் இழுக்கும், அடியில் மக்குகிற தீனியும் இழுக்கும். பாசி அளவுக்கு மிஞ்சினால் விடியற்காலை 4 மணியிலிருந்து 6 மணிக்குள் பிராணவாயு அடிமட்டத்துக்கு வந்துவிடும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறால் கரையோரமும் மேல்மட்டத்திலும் வந்து தத்தளித்தால் ஆபத்து வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் கவனம் வேண்டும். மேகமூட்டத்தில் பாசி ஒரேயடியாகச் செத்து அழுகும். அழுகும்போதும் பிராணவாயு போகும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நெல்லில் இலையின் நிறம் பார்த்து யூரியா போடுகிறோம் இல்லையா, அதுபோலத்தான். 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் தட்டு. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசியது. நல்ல வெயில் நேரத்தில் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குங்கள். 30லிருந்து 40 சென்டிமீட்டருக்குள் கண்ணுக்கு மறைந்தால் நல்லது. 25க்கு முன்பே மறைந்தால் பாசி அதிகம். 50க்கு மேலும் தெரிந்தால் பாசி போதாது.

பாசி மிஞ்சினால் முதலில் தீனியைக் குறையுங்கள். தின்னாத தீனிதான் பாசிக்கு எரு. ராத்திரி முழுக்கக் காற்றுச் சக்கரத்தை ஓட்டுங்கள். மருந்து போட்டுப் பாசியை ஒரேயடியாகக் கொல்லாதீர்கள். அது அழுகினால் அதே ஆபத்துதான். பெருமழை பெய்தால் மேலே நிற்கிற மழைத் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

வடித்த தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். சத்து மிகுந்த கழிவை நேராக ஓடையில் விட்டால், கீழேயுள்ள பண்ணைக்காரர் அதையேதான் இறைத்துக்கொள்வார். அவர் விட்டது நாளைக்கு நமக்கு வரும். தனிக்குட்டையில் தேக்கி, கசடு படிந்த பிறகு விடுவதே முறை. 2021இல் பறவைகள் சரணாலயமான கழுவெளிக்கும் அதுதான் நல்லது.

பாசி மிஞ்சினால் கடலே தாங்காது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையானது. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்கிற நுண்ணுயிர் அது. கரையோரம் மீன்கள் செத்து ஒதுங்கின. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்தக் கதியென்றால், நம்ம ஒரு ஏக்கர் குட்டை எம்மாத்திரம்?

குட்டை வெட்டுவதற்கு முன், 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பகலில் பச்சையைப் பார்த்து மகிழ்ந்தால் மட்டும் போதாது. விடியற்காலையில் டார்ச் லைட்டோடு ஒரு சுற்று கரையைச் சுற்றி வாங்க. இறாலைக் காப்பாற்றுவது அந்த ஒரு சுற்றுதான்.