வராவிட்டால் பெற்றோர், மீறினால் மாணவர்: இங்கிலாந்துப் பள்ளிகளின் சட்டம்

இங்கிலாந்தில் ஐந்து வயது நிறைந்த பிள்ளைக்கு அடுத்த பருவத்திலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். அந்தப் பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றால் சட்டம் தேடி வருவது பெற்றோரை. வந்தபின் ஒழுங்கு மீறினால் நடவடிக்கை எடுப்பவர் தலைமை ஆசிரியர். அதற்கு ஆளாவது பிள்ளை. வருகைக்கும் நடத்தைக்கும் தனித்தனிச் சட்டங்கள், தனித்தனிப் பொறுப்பாளிகள். 11 முதல் 16 வயது வரை பயிலும் இடைநிலைப் பள்ளிகளில் இந்தப் பிரிவினை தெளிவாகத் தெரியும்.

பள்ளிக்கு வருவது 1880ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் கட்டாயமாயிற்று. அப்போது பத்து வயது வரை படித்தால் போதும். அந்த வயது வரம்பு மெல்ல மெல்ல உயர்ந்து 1947இல் 15 ஆகவும், 1972இல் 16 ஆகவும் ஆனது. இன்று நடைமுறையில் உள்ள 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்கு ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டிலேயே கற்பிக்கவும் அது இடம் தருகிறது. ஆனால் பள்ளியில் பெயர் சேர்த்துவிட்டால், ஒழுங்காக அனுப்பாதது குற்றம்.

வருகைப் பதிவு

கல்வியாண்டுக்கு 190 பள்ளி நாட்கள். ஒவ்வொரு நாளும் காலை, பிற்பகல் என இரு வேளைகளாகக் கணக்கிடப்படுவதால் மொத்தம் 380 வேளைகள். ஒவ்வொரு வேளைக்கும் தனியாக வருகை எடுக்கப்படும். சற்றுத் தாமதமாக வந்தவருக்கு 'தாமதம்' என்று குறிப்பார்கள். பதிவேட்டை மூடிய பிறகு காரணமின்றி வந்தால் அந்த வேளை முழுவதும் அனுமதியற்ற விடுப்பாகிவிடும்.

விடுப்பு இரு வகை. உடல்நலக் குறைவு, மருத்துவரைப் பார்க்கச் செல்லுதல், பெற்றோரின் சமயம் வழிபாட்டுக்கென ஒதுக்கிய திருநாள் போன்றவை அனுமதி பெற்ற விடுப்பில் அடங்கும். பருவ நடுவே குடும்பச் சுற்றுலா போவது அப்படியல்ல. 2013 வரை சிறப்புக் காரணம் காட்டினால் பத்து நாள் வரை தலைமை ஆசிரியர் சுற்றுலாவுக்கு விடுப்புத் தரலாம் என்றிருந்தது. அந்த ஆண்டு விதி இறுகியது. மிக விதிவிலக்கான சூழல் இருந்தாலன்றி இப்போது அனுமதி இல்லை. கோடை விடுமுறையில் விமானக் கட்டணம் ஏறிவிடும் என்பது காரணமாகாது. சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கல்யாணத்துக்குப் போக விரும்பும் தமிழ்க் குடும்பங்களும் இந்த விதிக்குள்தான் வருகின்றன. அது விதிவிலக்கான சூழலா என்று முடிவு செய்பவர் தலைமை ஆசிரியர்.

அபராதம்

பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியற்ற விடுப்பு பத்து வேளைகளை, அதாவது ஐந்து நாட்களை, எட்டினால் அபராதம் விதிக்கலாமா என்று பள்ளி பரிசீலித்தாக வேண்டும். 2024 ஆகஸ்டிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே தொகை: 21 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண்டு, தவறினால் 28 நாட்களுக்குள் 160 பவுண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனி அபராதம் என்பதால், தாயும் தந்தையும் இரு பிள்ளைகளோடு போய்வந்தால் குறைந்தது 320 பவுண்டு ஆகும். மூன்றாண்டுகளுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாம் முறை அபராதம் வந்தால் தொடக்கத்திலேயே 160 பவுண்டு. மூன்றாம் முறை அபராதச் சீட்டுக்கு இடமில்லை. வழக்கு உள்ளிட்ட வேறு நடவடிக்கைதான். நீதிமன்றம் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். பிள்ளை போகவில்லை என்று தெரிந்தும் பெற்றோர் வாளாவிருந்தது உறுதியானால் 2,500 பவுண்டு வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இந்தச் சட்டத்தின் எல்லையை வரையறுத்தது வைட் தீவில் தொடங்கிய பிளாட் வழக்கு. 2015 ஏப்ரலில் மகளை ஏழு பள்ளி நாட்கள் ஃபுளோரிடாவுக்கு அழைத்துச் சென்ற தந்தை பிளாட் அபராதம் கட்ட மறுத்தார். மகளின் மொத்த வருகை 90 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதே என்பது அவர் வாதம். கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றன. உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் அதைத் தள்ளியது. ஒழுங்கான வருகை என்றால் பள்ளி வகுத்த விதிப்படி வருவது, போதிய அளவுக்கு வருவதல்ல என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே அனுமதியற்ற ஒரு வேளை விடுப்பும் சட்டப்படி குற்றமாகலாம்.

ஆயினும் அபராதம் முதல் படியல்ல. பத்தில் ஒரு பங்கு வேளைகளைத் தவறவிடும் மாணவர் 'தொடர்ந்து வராதவர்' என்றும், பாதியைத் தவறவிடுபவர் 'கடுமையாக வராதவர்' என்றும் கணக்கிடப்படுகிறார்கள். அந்த நிலையை எட்டுமுன் பள்ளியும் உள்ளாட்சி மன்றமும் குடும்பத்தோடு பேசிக் காரணத்தை அறிய வேண்டும். மனப்பதற்றம், வகுப்பில் வம்பு, வீட்டில் நோயாளி எனக் காரணம் எதுவாயினும், முதலில் உதவி, பிறகே தண்டனை என்பது அரசின் வழிகாட்டுதல்.

நடத்தை

பள்ளிக்குள் நடத்தை விதிகளை வகுப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைமை ஆசிரியரின் கடமை. நிர்வாகக் குழு பொதுக் கொள்கையைச் சொல்லும். அதற்குள் விதி, பாராட்டு, தண்டனை ஆகியவற்றை அவர் எழுதி, ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவர், பெற்றோர், ஊழியர் அறியச் செய்ய வேண்டும். தண்டனை நியாயமாகவும் குற்றத்தின் அளவுக்கு ஏற்றதாகவும் இருப்பது கட்டாயம். மாணவரின் வயது, உடற்குறை, சிறப்புக் கல்வித் தேவை, சமயக் கடமை ஆகியவையும் கருதப்பட வேண்டும். சீருடையில் பள்ளிக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் செய்யும் குறும்புக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

பிரம்படி முன்பு வழக்கத்தில் இருந்தது. ஸ்காட்லாந்துத் தாய்மார் இருவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1982இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் 1987இல் பிரம்பு ஒழிந்தது. இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் 1999இல்தான் தடை வந்தது.

இன்றுள்ள தண்டனைகள் படிப்படியானவை: கண்டிப்பு, கூடுதல் எழுத்துவேலை, சலுகை பறிப்பு, பொருளைக் கைப்பற்றுதல், உணவு இடைவேளையிலோ பள்ளி முடிந்தோ நிறுத்திவைக்கும் டிடென்ஷன். மாலை டிடென்ஷனுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. 24 மணி நேர முன்னறிவிப்பு விதியையும் 2011ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. ஆனால் பிள்ளை பத்திரமாக வீடு சேர வழியிருக்கிறதா என்று பள்ளி பார்க்க வேண்டும். கத்தி, போதைப்பொருள், மது போன்றவை இருப்பதாக நியாயமான சந்தேகம் எழுந்தால், மாணவர் மறுத்தாலும் சோதனையிடலாம்.

இடைநீக்கமும் நீக்கமும்

தற்காலிக இடைநீக்கம் ஒரு கல்வியாண்டில் மொத்தம் 45 பள்ளி நாட்களைத் தாண்டக்கூடாது. முதல் ஐந்து நாட்களில் பள்ளி நேரத்தில் பிள்ளை பொது இடங்களில் திரியாமல் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்; தவறினால் அபராதம். இடைநீக்கம் அதற்கு மேல் நீடித்தால் ஆறாம் நாளிலிருந்து முழுநேரக் கல்விக்கு மாற்று ஏற்பாடு செய்தாக வேண்டும். 'கொஞ்சம் ஆறட்டும்' என்று பதிவு ஏதுமின்றி வீட்டுக்கு அனுப்புவது, பெற்றோர் ஒப்புக்கொண்டாலும், சட்டவிரோதம்.

நிரந்தர நீக்கம் கடைசிப் படி. விதியைக் கடுமையாகவோ தொடர்ந்தோ மீறியிருக்க வேண்டும். அந்த மாணவர் பள்ளியில் தொடர்ந்தால் அவருக்கோ மற்றவர்களுக்கோ பெருந்தீங்கு நேரும் என்ற நிலையும் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் தலைமை ஆசிரியருக்கு மட்டுமே. அதை 15 பள்ளி நாட்களுக்குள் நிர்வாகக் குழு ஆராயும். அங்கும் நீக்கம் உறுதியானால் பெற்றோர் தனி மறுஆய்வுக் குழுவை நாடலாம். அந்தக் குழு முடிவை ரத்து செய்து மீண்டும் பரிசீலிக்கச் சொல்லலாம். மாணவரைத் திரும்பச் சேர்க்குமாறு கட்டளையிடும் அதிகாரம் அதற்கு இல்லை.