காவலூரில் விண்ணொளி

தமிழ்நாட்டின் வடபால் திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களிற் பரந்து கிடப்பது சவ்வாது மலைத்தொடர். சந்தன மரங்களுக்குப் பெயர்பெற்ற இம்மலையில், ஆலங்காயத்துக்கு அண்மையில், காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் அமைந்தது இவ்வூர். ஞாயிறு மறைந்து ஊரார் உறங்கப் புகும் வேளையில், இங்கே சிலர் தம் பணியைத் தொடங்குகின்றனர். விண்மீன்களின் ஒளியைத் தேக்கிப் படமாகவும் அளவாகவும் ஆக்குதலே அவர்தம் பணி.

இங்குள்ள வானாய்வகத்தைத் தோற்றுவித்தவர் வைணு பாப்பு என்னும் அறிஞர். அவர் 1927 ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தவர். நகர விளக்குகளின் ஒளி எட்டாத இடம் ஒன்றை அவர் தேடினார். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருத்தலின், வடவானையும் தென்வானின் பெரும்பகுதியையும் ஒருங்கே காண்பதற்குக் காவலூர் ஏற்றதாயிற்று. 1968 இல் 38 செ.மீ. ஆடியுடைய சிறு தொலைநோக்கியோடு ஆய்வு தொடங்கிற்று. 1972 இல் 102 செ.மீ. தொலைநோக்கி நிறுவப்பட்டது. பின்னர் நம் நாட்டினரே வடிவமைத்து உருவாக்கிய 234 செ.மீ. தொலைநோக்கி, 1986 சனவரி 6 அன்று நாட்டுக்கு உரிமையாக்கப்பட்டது. அதனைக் கண்டு மகிழப் பாப்பு உயிரோடில்லை. அவர் 1982 இலேயே மறைந்தார். இன்று அத்தொலைநோக்கியும் ஆய்வகமும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றன.

விண்மீன்களுக்கிடையே வளியும் நுண்துகளும் முகில் போலத் திரண்டு கிடப்பதுண்டு. அவற்றுள் ஒளிவிடுவனவற்றை ஒண்முகில் என்பர். மார்கழி, தை மாதங்களில் முன்னிரவிற் கீழ்வானில் எழும் ஓரியன் என்னும் மீன்கூட்டத்தை அறியாதார் சிலரே. நாம் திருவாதிரை என வழங்கும் செம்மீன் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. இதன் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்களுக்குத் தெற்கே, மங்கலான திட்டு ஒன்று வெறுங்கண்ணுக்கும் புலப்படும். அதுவே ஓரியன் ஒண்முகில். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகும். பல்லவர் நாட்டை ஆண்ட காலத்தே புறப்பட்ட ஒளியையே நாம் இன்று காண்கின்றோம்.

இத்துணைத் தொலைவிலிருந்து வரும் மெல்லொளியைக் கண் முழுமையாகக் காண இயலாது. ஏனெனில், கண் தான் பெறும் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஒளிப்படத் தகடோ, சிறுதுளியாய் வீழும் மழைநீரைக் குளம் தேக்குவது போல, ஒளியை மணிக்கணக்கில் தேக்கவல்லது. 1880 ஆம் ஆண்டு என்றி டிரேப்பர் என்னும் அமெரிக்கர், 51 நிமிடம் ஒளியைத் தேக்கி, ஓரியன் ஒண்முகிலை முதன்முதலாகப் படம் எடுத்தார். அது முதல் வானாய்வின் போக்கே மாறிற்று.

ஒளியைத் தேக்குங்கால் இடர் ஒன்று நேரும். புவி சுழலுதலின் விண்மீன்கள் நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை வீதம் நகர்வனவாய்த் தோன்றும். தொலைநோக்கி அசையாது நின்றால், புள்ளியாக வேண்டிய மீன் கோடாய்விடும். ஆதலின், புவியின் அச்சுக்கு இணையான அச்சிற் பொருத்தித் தொலைநோக்கியையும் அதே வேகத்தில் திருப்புகின்றனர்.

இக்காலத்தே தகட்டின் இடத்தைச் சி.சி.டி. என்னும் மின்னணு உணர்வி பெற்றுள்ளது. 1969 இல் உருவான இக்கருவி, தகடு இழந்துவிடும் ஒளியின் பெரும்பகுதியையும் பற்றிக்கொள்ளும். எனினும் அது தரும் படம், களத்துமேட்டில் குவித்த நெல் போன்றது. பதரும் தூசும் அதனுட் கலந்திருக்கும். அவற்றை நீக்கும் முறையும் நெல் தூற்றுதலை ஒத்ததே. கருவியின் வெப்பத்தால் தோன்றும் பொய்யொளியை அறிய, மூடியை இட்டு இருட்படம் ஒன்று எடுப்பர். அதனை வான்படத்தினின்றும் கழிப்பர். கண்ணாடியிற் படிந்த தூசியின் நிழலையும் ஓரங்களின் மங்கலையும் அறிய, சீரான ஒளியில் வேறொரு படம் எடுத்து, அதனால் வகுப்பர். பின்னர்ப் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்துச் சராசரி காண்பர். பதினாறு படங்களை இணைத்தால், இரைச்சலைவிட ஒளியின் தெளிவு நான்கு மடங்காகும்.

இனி, விண்மீன்களைக் கையாளுதலே அரிய வேலை. ஒண்முகிலின் மெல்லொளி தோன்றுமாறு படத்தை வெளிச்சமாக்கினால், ஒளிமிக்க மீன்கள் ஊதிப் பருத்து முகிலை மறைக்கும். ஆகவே, அழகிய படம் ஆக்க விழைவோர் கணிப்பொறியின் துணையால் மீன்களைத் தனியே பிரித்தெடுப்பர். முகிலைத் தெளிவாக்கியபின், மீன்களை அவற்றிற்குரிய இடத்திலேயே அளவோடு மீண்டும் சேர்ப்பர். குறைந்த நேரமும் மிகுந்த நேரமும் எடுத்த படங்களை இணைத்து, மீன்களின் இயல்பான நிறத்தைக் காப்பதும் உண்டு.

ஈண்டு எச்சரிக்கை ஒன்று வேண்டும். மாசு எனத் துடைக்கப்படுவது உண்மையிலேயே மாசுதானா? 1949 இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பாப்பு, தகடு ஒன்றிற் கண்ட மங்கலான தடத்தைக் குறை எனத் தள்ளாது ஆராய்ந்தார். அது புதியதொரு வால்மீன் எனத் தெரிந்தது. 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் எடுக்கப்பட்ட படத்திலும், நுண்ணியதொரு பதிவு புதிய சிறுகோளாய் விளங்கிற்று. கணித மேதை இராமாநுசன் பெயர் அதற்கு இடப்பட்டது. அவற்றை அழுக்கென்று துடைத்திருந்தால், உண்மையன்றோ துடைக்கப்பட்டிருக்கும்! அழகுக்காகப் படத்தைத் திருத்தலாம். அளவுக்காக எடுத்த மூலப்பதிவை மட்டும் மாற்றலாகாது. இதனை உணர்ந்தே ஆய்வாளர், திருத்தாத பதிவைத் தனியே போற்றி வைக்கின்றனர்.

இக்கலைக்கு முதற்பொருள் இருளே. ஊர்கள் வளர வளர விளக்குகளும் பெருகுகின்றன. மேல்நோக்கி வீணே செல்லும் ஒளி, காற்றிற் பட்டுச் சிதறி, வானத்தை வெளிறச் செய்கின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு வழிநடந்து வந்த ஒளி, கடைசி நொடியில் ஒரு தெருவிளக்கின் முன் தோற்றுப்போதல் எத்துணை இழப்பு! விளக்கை அணைத்தல் வேண்டுவதில்லை. அதன் ஒளி நிலத்தை மட்டும் நோக்குமாறு மேலே மூடியிட்டால் போதும். மரத்தையும் நீரையும் காப்பது போல, இரவின் இருளையும் காத்துப் பின்வருவோர்க்கு அளித்தல் நம் கடனாகும்.