செவிலியர் பிழையைச் சொல்லத் தயங்குவது ஏன்?

இன்சுலின் நம் நாட்டில் பெரும்பாலும் இரு செறிவுகளில் கிடைக்கிறது. ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்டது ஒன்று. 100 அலகு கொண்டது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிச் சிரிஞ்சு உண்டு. 100 அலகு மருந்தை 40 அலகுச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடலில் செல்வது 20 அலகு அன்று, 50 அலகு. இரவுப் பணியின் களைப்பில் எளிதில் நேரக்கூடிய பிழை இது.

நேர்ந்ததைச் செவிலியர் உடனே சொல்லிவிட்டால், குளுக்கோஸ் கொடுத்து, இரத்தச் சர்க்கரையை அடிக்கடி சோதித்து, பெரும்பாலும் நோயாளியைக் காத்துவிட இயலும். சொல்லாவிடில், சர்க்கரை குறைந்து நினைவிழந்தவரை, 'இன்றுதான் நன்றாக உறங்குகிறார்' என்று உறவினரும் எண்ணியிருப்பர். எங்களுக்கு ஊசியின் பிழையைவிட இந்த மௌனமே அதிக அச்சம் தருகிறது.

இதையெல்லாம் அறிந்த செவிலியரே தயங்குவது, பெரும்பாலும், பொறுப்பின்மையால் அன்று. மெமோ வரும், வேலை போகும் என்ற அச்சம். தொகுப்பூதியத்தில் இருப்போர்க்கு அது இன்னும் கூடுதல். மருத்துவர் எல்லோர் முன்னும் கடிந்துகொள்வாரோ என்ற கூச்சம். வார்டு வாசலில் கூடும் உறவினர் கூட்டம், உயரும் கைப்பேசிகள்.

சட்டத்தின் அச்சமும் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2017-இல் ரடோண்டா வாட் என்னும் செவிலியர், பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைச் செலுத்தினார், நோயாளி இறந்தார். அவரது கவனக்குறைவு சிறிதன்று. ஆயினும் அவர் தம் பிழையை மறைக்கவில்லை. 2022-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. சிறைத் தண்டனை இல்லை, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புதான். எனினும் உலகெங்கும் செவிலியர் அத்தீர்ப்பைக் கவலையுடன் பார்த்தனர்.

நம் நாட்டிலோ, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தோர்க்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. சிகிச்சையின்போது அத்தகைய செயல் புரியும் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் உச்ச வரம்பு இரண்டாண்டு. அந்தச் சலுகையின் வரையறைக்குள் செவிலியர் வரவில்லை. முந்தைய சட்டத்தின் 304அ பிரிவில் அனைவர்க்கும் இரண்டாண்டே இருந்தது.

நாமக்கல் லாரி உரிமையாளர்களுக்கு இது புதிதன்று. 'பிரேக் சரியில்லை' என்று வந்து சொல்லும் ஓட்டுநரின் படியைப் பிடித்தால், அடுத்த முறை எவரும் சொல்லமாட்டார். வண்டி மட்டும் அதே பிரேக்குடன் மலையிறங்கும். மருத்துவமனையிலும், பிழை அறிக்கையே வராத வார்டைக் கண்டு நாங்கள் மகிழ்வதில்லை.

மறைப்பதையும் பொய்யாகப் பதிவு செய்வதையும் நாங்கள் பிழையென்று கருதவில்லை; அவை குற்றங்கள். நேர்ந்ததை அறியவும் எழுத்துமூலம் புகார் தரவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒரு செவிலியர் தாமே வந்து, 'மருந்து மாறிவிட்டது' என்று சொன்னால், முதற்கேள்வி 'இப்போது என்ன செய்ய வேண்டும்?' என்பதாக இருக்கட்டும். மருத்துவர் வந்து நோயாளியைப் பார்த்த பின்பு மற்றவற்றைக் கேளுங்கள். அப்போது மருத்துவரும் மேற்பார்வைச் செவிலியரும் உடனிருந்து விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.