கால் எரிச்சலா? கம்ப்யூட்டரில் டைமர் வையுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பட்டா, சிட்டா பார்க்கவோ வெளியூர்ப் பேரனுடன் வீடியோவில் பேசவோ உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. தஞ்சாவூரில் என்னிடம் கம்ப்யூட்டர் கற்க வரும் பெரியவர்கள் பலர், "பாதம் எரியுது, ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்கிறார்கள்.

உட்கார்ந்திருப்பது மட்டும் காரணமல்ல. நாள்பட்ட சர்க்கரை நோய் பாத நரம்புகளைப் பாதிக்கும். வைட்டமின் பி12 குறைவாலும், இடுப்பில் நரம்பு அழுத்தப்படுவதாலும் இப்படி வரலாம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே முதலில் டாக்டரைப் பாருங்கள். பயிற்சி வலியைக் குறைக்க உதவும். மருந்துக்கு மாற்று அல்ல.

டைமர் வைப்பது எப்படி?

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து 3 நிமிடமாவது அசையும்படி அமெரிக்க டயாபடீஸ் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. விண்டோஸ் 11-இல் ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து, 'கிளாக்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து திறவுங்கள். 'டைமர்' பகுதியில் 30 நிமிடம் வைத்து ஓட விடுங்கள். கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குப் போனால் மணி அடிக்காது. ஸ்பீக்கரும் ஆனில் இருக்கட்டும்.

மணி அடித்ததும்...

1. உட்கார்ந்தபடியே குதிகாலை 10 முறை தூக்குங்கள். பிறகு விரல் பகுதியை 10 முறை.
2. கணுக்காலை இரு பக்கமும் பத்துப் பத்து முறை சுழற்றுங்கள்.
3. தரையில் துண்டை விரித்து, கால் விரல்களால் சுருட்டி இழுங்கள்.
4. முழங்காலை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் மடக்கி 5 விநாடி வையுங்கள். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.
5. மேஜையைப் பிடித்து நின்று, குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். சக்கர நாற்காலியைப் பிடிக்காதீர்கள், உருண்டுவிடும்.

பாதத்தையும் பாருங்கள்

மரத்துப்போன காலுக்கு வயல் வரப்பில் குத்திய முள்ளும் தெரியாது. பெரிய கோயில் கல்தளத்தின் உச்சிவெயில் சூடும் தெரியாது. குனிய முடியாதவர்கள் உள்ளங்காலைச் செல்போனில் படம் எடுத்து மானிட்டரில் பெரிதாக்கிப் பார்க்கலாம். புண், கொப்புளம் தெரிந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ பயிற்சி வேண்டாம். அன்றே டாக்டரிடம் போங்கள். கால் திடீரெனப் பலம் இழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

மற்றபடி, இன்றே டைமரை வைத்துப் பழகுங்கள்.