பிள்ளையின் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

2018ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழையை வன்னியில் உள்ளவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்ந்த இடங்களில் குடலைப் பருவத்தில் நின்ற காலபோக நெல் நீருக்குள் போயிற்று. 2009இற்குப் பின்னர் மெல்ல மெல்லக் காலூன்றி வந்த குடும்பங்கள் மீண்டும் ஒரு தடவை பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தன.

அப்படியான ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய்க்கும் பால்மாவுக்கும் பெயர் எழுதிக்கொண்டு நின்றோம். சுவரோரமாக ஓர் இளம் தாய் சாய்ந்திருந்தாள். 34 வாரக் கர்ப்பம்; இரண்டாவது பிள்ளை. பெயரைச் சொன்னபின் சற்றுத் தயங்கி, "அக்கா, விடிய இருந்து பிள்ளை துடிக்கிறது குறைவாக் கிடக்கு" என்றாள். பக்கத்தில் இருந்த வயதான அம்மா, "மாதம் முத்தினால் உள்ளுக்கை இடம் காணாது பிள்ளை. அது அடங்கித்தான் கிடக்கும். பயப்பிடாதை" என்று அன்பாகவே சொன்னார். நாமும், "நாளைக்கு மிட்வைவ் வருவா, சொல்லுவம்" என்று கூறிவிட்டு அடுத்த பெயரை எழுதினோம்.

மறுநாள் பாதை மூடிக் கிடந்ததால் குடும்பநல உத்தியோகத்தரால் வர முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு கமக்காரர் தமது உழவு இயந்திரத்தில் அவளை ஏற்றிக்கொண்டு வெள்ளத்தைக் கடந்தார். வைத்தியசாலையில் பிள்ளையின் இருதயத்தைத் தேடினார்கள். அது நின்றுவிட்டிருந்தது.

முதல் நாளே போயிருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்குமா என்பதை வைத்தியர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் 'நாளைக்குப் பார்ப்பம்' என்று சொன்னவர்களில் நாமும் இருந்தோம். இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது அதனாற்றான்.

இடம் காணாது என்ற பேச்சு

வயிற்றிலுள்ள பிள்ளையின் அசைவைத் தாய் பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களுக்குள் உணரத் தொடங்குகிறாள். முன்னர் பிள்ளை பெற்றவர்களுக்கு 16 வாரத்திலேயே தெரிவதுண்டு. 24 வாரமாகியும் ஒன்றும் தெரியாவிட்டால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அதன்பின் 32 வாரம்வரை அசைவு கூடிக்கொண்டே வரும். அதற்கு மேல் கூடுவதில்லை; ஆனால் குறைவதும் இல்லை. இங்கேதான் எமது ஊர்ப் பேச்சு தவறிவிடுகிறது. இறுதி மாதத்தில் உதைப்பது குறைந்து, புரளுவதும் நெளிவதும் முட்டித் தள்ளுவதும் அதிகமாகலாம். அசையும் விதம் மாறும். அசைவே குறைந்துபோவது இயல்பானதல்ல. நோக்காடு தொடங்கும் நாளிலும், நோக்காட்டின் நடுவிலும்கூடப் பிள்ளை அசைந்துகொண்டுதான் இருக்கும்.

பிள்ளை நித்திரை கொள்வதும் உண்மையே. வயிற்றினுள் அதன் நித்திரை வழக்கமாக 20 முதல் 40 நிமிடம்வரை நீடிக்கும்; ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டுவது அரிது. எனவே அரைநாள் அசையாமற் கிடக்கும் பிள்ளையைப் பற்றி 'நித்திரையாக்கும்' என்று இருந்துவிட முடியாது.

அசைவு ஏன் குறைகிறது? பிள்ளைக்கு வேண்டிய ஒட்சிசனும் உணவும் நச்சுக்கொடியின் வழியாக வருகின்றன. அது சரிவர வேலை செய்யாதபோது வரவு குறைகிறது. குளத்தில் நீர் போதாத சிறுபோகத்தில் நாம் என்ன செய்கிறோம்? முழுக் காணியையும் விதைக்காமல், கிடைக்கும் நீருக்கு ஏற்ற பரப்பை மட்டும் விதைத்துக் காப்பாற்றுகிறோம் அல்லவா? வயிற்றிலுள்ள பிள்ளையும் அப்படித்தான். கிடைக்கும் இரத்தத்தை மூளைக்கும் இருதயத்துக்கும் ஒதுக்கிக்கொண்டு கைகால் ஆட்டுவதைக் குறைத்துவிடுகிறது. இந்த நிலை சில வேளைகளில் நாட்கணக்காக நீடிக்கும், சில வேளைகளில் மணிக்கணக்கில் முற்றிவிடும். எது என்று வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

அசைவு குறைவென்று வைத்தியசாலைக்குப் போகும் தாய்மாரில் பத்துக்கு ஏழு பேர் அளவில் எந்தப் பிரச்சினையுமின்றிப் பிள்ளை பெறுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயமுறுத்துவது எமது நோக்கமல்ல. ஆனால் பிள்ளையை வயிற்றிலே இழந்த தாய்மாரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதற்கு முன்னர் அசைவு குறைந்ததை உணர்ந்திருந்தார்கள் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தாய்க்கு முதலில் தெரிந்துவிடுகிறது. அவள் சொல்வதைக் கேட்க ஆட்கள் வேண்டும், கொண்டுபோக ஒரு வாகனம் வேண்டும்.

'துடிப்பு' என்ற ஒரு சொல்

எமது பேச்சு வழக்கில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளை அசைவதையும் 'துடிப்பு' என்கிறோம். இருதயம் அடிப்பதையும் 'துடிப்பு' என்கிறோம். கிளினிக்கில் தாதி "துடிப்பு இருக்கோ?" என்று கேட்கிறார். போன கிழமை வயிற்றில் கருவி வைத்துக் கேட்ட இருதய ஒலியை நினைத்துக்கொண்டு தாய் "ஓம்" என்கிறாள். அசைவைப் பற்றி இருவருமே பேசவில்லை! இதை ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் கண்டிருக்கிறோம். ஆகவே தாய்மாரே, எவர் கேட்டாலும் தெளிவாகச் சொல்லுங்கள்: "நேற்றைய அசைவு இன்றைக்கு இல்லை. காலை இத்தனை மணியிலிருந்து குறைவு." நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

இன்னொன்றும் உண்டு. இருதய ஒலி கேட்கிறது என்பதால் மட்டும் எல்லாம் சரியென்று ஆகிவிடாது. நிமிடத்துக்கு 110 முதல் 160 தடவை அடிப்பது இயல்பு. ஆனால் அந்த அடிப்பு ஏறி இறங்கி வருகிறதா, பிள்ளை அசையும்போது கூடுகிறதா என்பதைக் கிட்டத்தட்ட 20 நிமிடமாவது இயந்திரத்தில் தாளிற் பதிந்து பார்க்க வேண்டும். இதனைச் சீ.ரீ.ஜீ. என்பார்கள். இத்துடன் தாயின் இரத்த அமுக்கம், சிறுநீர், வயிற்றின் வளர்ச்சி ஆகியனவும் பார்க்கப்படும். தேவையானால் ஸ்கான் செய்து பிள்ளையின் வளர்ச்சியையும் சுற்றியுள்ள நீரின் அளவையும் அறிவார்கள். கிராமத்துச் சிறிய வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் இந்த வசதிகள் இல்லை. பிரசவ விடுதியும் மகப்பேற்று வைத்தியரும் உள்ள வைத்தியசாலை எது, அங்கு போக எவ்வளவு நேரமாகும் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிப் பார்ப்பது

10 அசைவை எண்ணும் முறை 1976இல் இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த ஆய்வின் மூலம் பரவியது. எண்ணினாலே பிள்ளை காப்பாற்றப்பட்டுவிடும் என்று பலர் நம்பினர். ஆனால் 1989இல் வெளியான, 68,000 வரையான தாய்மாரைக் கொண்ட ஆய்வொன்றில், எல்லாத் தாய்மாரையும் நாள்தோறும் எண்ணச் செய்வதால் மட்டும் இறப்புக் குறையவில்லை என்று காணப்பட்டது. இதனால் எண்ணுவது வீண் என்று சொல்வதற்கில்லை. கொப்பியில் இடும் கோடு பிள்ளையைக் காப்பாற்றாது. நேரத்துக்குப் போய்ச் சேருவதும், அங்கே சரியாகப் பார்ப்பதும் வேண்டும் என்றே நாம் இதை விளங்கிக்கொள்கிறோம்.

நாம் தாய்மாருக்குச் சொல்வது இது. 28 வாரத்திலிருந்து, அதாவது ஏழாம் மாதத்திலிருந்து, உங்கள் பிள்ளையின் வழக்கத்தைப் பழகிக்கொள்ளுங்கள். சில பிள்ளைகள் இரவிற் கூத்தாடும். சில பிள்ளைகள் சாப்பாட்டுக்குப்பின் புரளும். பக்கத்து வீட்டுத் தாயின் பிள்ளையோடு ஒப்பிட வேண்டியதில்லை. களை பிடுங்கும்போதும், தண்ணீர் சுமக்கும்போதும், நிவாரண வரிசையில் நிற்கும்போதும் அசைவு சரிவரத் தெரியாது. பகல் முழுவதும் வேலை செய்யும் பெண், இரவு படுக்கும்போதுதான் 'இண்டைக்குப் பிள்ளை அசைஞ்சதோ?' என்று யோசிக்கிறாள். ஆகவே இரவுச் சாப்பாட்டின் பின் சிறிது நேரத்தைப் பிள்ளைக்கென ஒதுக்குங்கள்.

சந்தேகம் வந்தால் இடப்பக்கமாகச் சரிந்து படுத்து, வேறு எதிலும் மனத்தைச் செலுத்தாமல் 2 மணித்தியாலம் கவனியுங்கள். உதை, புரளல், நெளிவு ஒவ்வொன்றையும் எண்ணலாம். விக்கலை எண்ண வேண்டாம். 10 அசைவு வராவிட்டால் உடனே புறப்படுங்கள். 10 வந்தும் 'இது வழக்கமான அசைவில்லை' என்று மனம் சொன்னால் அப்போதும் புறப்படுங்கள். அசைவு அறவே நின்றுவிட்டால் எண்ணிக்கொண்டு இருக்கவே வேண்டாம். இரத்தப்போக்கு, நீர் உடைதல், பொறுக்க முடியாத வயிற்றுவலி, கண் மங்கும் தலையிடி, வயிற்றில் அடிபடுதல் ஆகியவற்றுக்கும் அப்படித்தான். பசியாக இருந்தால் சாப்பிடுங்கள். ஆனால் சோடா குடித்துப் பார்ப்பது, சீனித் தண்ணீர் குடித்துப் பார்ப்பது என்று நேரத்தைக் கடத்த வேண்டாம்.

நச்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் ஒட்டியிருந்தால் 28 வாரம்வரை அசைவு மந்தமாகத் தெரியலாம். ஸ்கான் எடுத்தபோது கேட்டறியலாம். இரவில் மல்லாந்து படுக்காமல் சரிந்து படுப்பது கடைசி மூன்று மாதங்களில் நல்லது. புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் தாய்மார் அதை விட்டுவிட வேண்டும். மாமிமார் கோபிக்க வேண்டாம்!

ஏச்சு வாங்கிய பெண்

வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு, தற்காலிகக் கொட்டிலில் இருந்த இன்னொரு தாய் 36 வாரத்தில் இரவு பத்து மணிக்கு ஓட்டோ பிடித்துப் போனாள். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. "இதுக்கோ இந்த நேரத்திலை வந்தனீர்?" என்று அங்கிருந்த ஒருவர் ஏசிவிட்டார். ஓட்டோவுக்குக் கொடுத்த காசு கணவனின் இரண்டு நாட் கூலி. மூன்று நாளின்பின் மீண்டும் அசைவு குறைந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் மாமியார்தான். "அவள் ஏசினால் ஏசட்டும். ஏச்சு உடம்பிலை ஒட்டாது. வெளிக்கிடு பிள்ளை" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். இம்முறை இயந்திரம் காட்டிய கோடுகளைப் பார்த்த வைத்தியர் ஒரு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தார். பிள்ளை இரண்டு கிலோ நூறு கிராம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாமியாரின் சொல் மட்டும் கேட்பாளாம்.

ஒரு தடவை சரியென்று வந்த பரிசோதனை அடுத்த நாளுக்குப் பொறுப்பாகாது. இரண்டாம் தடவை அசைவு குறைவது முதல் தடவையைவிடக் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டியது. வைத்தியசாலைகளில் வேலை செய்யும் சகோதர சகோதரிகளும் இதை வாசிக்கிறீர்கள். இரவில் இருபது மைல் தாண்டி வந்தவளிடம் 'வந்தது நல்லது' என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால், அவள் மறுமுறையும் வருவாள்.

வாகனம்

1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது நிறைமாதக் கர்ப்பிணிகள் மழையில் நடந்தார்கள். அன்று சைக்கிளும் மாட்டு வண்டியும்தான் எமது அம்புலன்ஸ். இன்று நிலைமை வேறு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. எம்மிற் பலருக்கு 1990 என்பது ஓர் இடப்பெயர்வின் ஆண்டு. அதே எண் இப்போது உதவிக்கு வருகிறதென்றால் ஞாபகத்தில் வைத்திருப்பது கடினமல்ல. தொலைபேசியில் காசு முடிந்திருக்கலாம், சிக்னல் இல்லாத இடமாக இருக்கலாம், வெள்ளத்தில் பாதை அறுந்திருக்கலாம். எனவே இரண்டாவது வழியொன்றும் வேண்டும்.

ஒவ்வொரு நலன்புரி நிலையத்திலும், ஒவ்வொரு குடியேற்றத்திலும் ஏழாம் மாதம் தாண்டிய தாய்மார் யார் யார் என்பதை மாதர் சங்கம் அறிந்திருக்கட்டும். கிளினிக் அட்டையைப் பொலித்தீன் பையில் இட்டு, அடையாள அட்டையோடு வைத்திருங்கள். மண்டபங்களில் தங்கும்போது இப்படியான தாய்க்கு ஒரு மூலையைச் சேலையால் மறைத்துக் கொடுங்கள். நாலு பேர் பார்க்கப் பகலிற் சரிந்து படுக்க எந்தப் பெண்ணும் கூச்சப்படுவாள். எவருடைய வாகனம் இரவில் வரும் என்று இப்போதே பேசி வையுங்கள்.

அன்று வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரக்காரரை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். தமது கிராமத்தில் கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகள் அவருக்கு மனப்பாடம். "என்ரை மிசின் உழவுக்கு மட்டும் இல்லை. இரவு எத்தினை மணியெண்டாலும் படலையைத் தட்டச் சொல்லுங்கோ" என்றார். படலையில் ஒரு மணியும் கட்டியிருக்கிறார். நாய் குரைக்கும், கடிக்காது என்பதையும் மறக்காமல் எழுதச் சொன்னார்.