உரும்பிராயில் ஒரு நிறுத்தம்
யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் சுற்றுலா என்றால் கோட்டை, பொது நூலகம், நல்லூர், கீரிமலை என்றே பஸ்கள் ஓடுகின்றன. வழிகாட்டிகளே, பலாலி வீதியில் உரும்பிராயிலும் சற்று நிறுத்துங்கள். செம்மண் தோட்டம், வெங்காயப் பாத்தி, வாய்க்காலில் பாயும் கிணற்றுநீர் எல்லாவற்றையும் பயணிகள் இறங்கிப் பார்க்கட்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீர்தான் இந்த மண்ணுக்கு உயிர். அதைக் கண்டவருக்கே நவக்கிரி நிலாவரைக் கிணற்றின் அருமை விளங்கும். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர்! நன்னீர் அடர்த்தி குறைந்தது, அதனால் உப்புநீரின்மேல் தங்கி நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊறுவதும் இதே சுண்ணாம்புக் கல்லின் வழியாகத்தான்.