வால் சொல்லும் சேதி

மதில் மேல் நடக்கத் துணை, மனதைச் சொல்ல மொழி. பூனையின் வாலுக்கு வேலை அதிகம்.

திருப்பதி அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் நடைபாதையை ஒட்டியே சேஷாசலம் காடு தொடங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் இந்தப் பாதையில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தைக்குப் பலியானாள். அதன்பின் நடந்து ஏறும் பக்தர்களுக்குத் தேவஸ்தானம் கைத்தடி வழங்கியது. ஊரையே நடுங்கவைத்த அந்த வேட்டை விலங்கின் உறவுதான் வீட்டில் பாலுக்குக் காத்திருக்கும் பூனை. மரத்திலும் பாறையிலும் ஓசையின்றி ஏறி இறங்கும் திறமை இரண்டுக்கும் பொது. அதில் வாலுக்கும் பங்கு உண்டு.

பூனையின் வால் முதுகெலும்பின் நீட்சி. ஏறக்குறைய 20 சிறு எலும்புகள், அவற்றைச் சுற்றித் தசைகள், நரம்புகள். முடிவெடுக்கத் தயங்குபவரை 'மதில் மேல் பூனை' என்கிறோம். உண்மையில் மதில் மேல் நிற்கும் பூனைக்குத் தடுமாற்றமே இல்லை. 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்குக் காரணம் சொன்னது. ஒடுங்கிய சட்டத்தின் மேல் பூனைகளை நடக்கவிட்டு, சட்டத்தைத் திடீரெனப் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். பூனைகள் உடனே வாலை எதிர்ப்பக்கம் வீசி இடுப்பை நேராக்கிக்கொண்டன. வாலுக்குச் செல்லும் நரம்புத் தொடர்பு துண்டிக்கப்பட்ட பிறகு அதே பூனைகள் அதிக முறை விழுந்தன. 2022-ல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்த சிவிங்கிப்புலிகளும் ஓட்டத்தின் நடுவே சட்டென்று திரும்ப வாலைத்தான் நம்புகின்றன.

ஆனால் உயரத்திலிருந்து விழும் பூனை காலூன்றி இறங்குவதற்கு வால் கட்டாயமில்லை. 1894-ல் பிரெஞ்சு அறிஞர் மாரே எடுத்த தொடர் புகைப்படங்கள் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தன. பூனை நடு உடலை முறுக்கி, முன்பாதியை முதலிலும் பின்பாதியை அடுத்தும் திருப்புகிறது. மான் தீவின் வாலில்லாப் பூனைகளும் இதைச் செய்துவிடுகின்றன.

கொடியும் சாட்டையும்

தெலுங்கில் வாலுக்கு 'தோக' என்று பெயர்; நம் 'தோகை'க்கு உறவான சொல். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சித்தூர்ப் பக்கத்தில் 'தோக', 'வால்' இரண்டும் காதில் விழும். பூனையின் வால் பேசும் மொழிதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. நாயைப் பார்த்துப் பழகிய கண், வால் ஆடினாலே சந்தோஷம் என்று எடுத்துக்கொள்கிறது. பூனை வாலைச் சாட்டைபோல் வீசினால் 'போதும், விடு' என்று பொருள். அதற்கு மேலும் தடவினால் நகம் பதியும். வால் மயிர் சிலிர்த்துப் பருத்தால் பயம். பதுங்கிய பூனையின் வால்நுனி மட்டும் துடித்தால் கவனம் இரைமேல்.

வால் கொடிக்கம்பம்போல் நிமிர்ந்தால் அது நட்பு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 1997-ல் பூனை வடிவத்தில் நிழலுருவங்களை வெட்டி வைத்துப் பார்த்தார்கள். வால் தூக்கிய உருவத்தைக் கண்ட பூனைகள் தாங்களும் வாலைத் தூக்கியபடி விரைவாக நெருங்கின. வால் தாழ்ந்த உருவத்திடம் அந்த வரவேற்பு இல்லை.

இப்படிப்பட்ட உறுப்பைத்தான் குழந்தைகள் விளையாட்டாகப் பிடித்து இழுக்கிறார்கள். வண்டிச் சக்கரத்திலும் அது சிக்கிவிடுகிறது. வால் அடிவரை இழுபட்டால், அதன் அருகிலிருந்து மூத்திரப்பைக்கும் குடலுக்கும் செல்லும் நரம்புகள் சேதமாகலாம். அப்புறம் பூனையால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாமல் போகும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அடிபட்ட பூனையின் வால் உயிரற்றுத் தொங்கினால் 'தானே சரியாகிவிடும்' என்று காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வாலின் அடிப்பகுதியில் உணர்ச்சி மிச்சமிருந்தால் பூனை தேறிவர நல்ல வாய்ப்பு உண்டு.